கம்பி வேலியோரம் உயிர்வேலி அமைக்கும் முறை

கல்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டால் வேலி வேலை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். கம்பி ஆட்டைத் தடுக்குமே தவிர, காற்றையும் சாலைப் புழுதியையும் தடுக்காது. சில ஆண்டுகளில் துருவும் ஏறும். அது உறுதியாக நிற்கும் காலத்திலேயே அதன் காவலில் ஓர் உயிர்வேலியை வளர்த்துக்கொள்வதே முறையான ஏற்பாடு. காங்கயம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும், கிளுவை என்னும் முள்மரத்தாலான வேலிகளைக் கண்டவர்களுக்கு, மழை குறைந்த சரளை மண்ணிலும் இது கைகூடும் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

வறண்ட நிலத்துக்கும் நீண்ட எல்லைக்கும் கிளுவையே முதல் தேர்வு. வீட்டுத் தோட்டத்துக்கு மருதாணி போதும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும் இயல்பு அதற்கு உண்டு. களா மெதுவாகத்தான் வளரும், ஆயினும் முள்ளும் காயும் சேர்ந்து கிடைக்கும். கால்நடை வளர்ப்போர் அரளியைத் தவிர்க்க வேண்டும். அதன் இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சு. உண்ணிச்செடியையும் வேலிகாத்தான் எனப்படும் சீமைக்கருவேலத்தையும் எக்காரணம் கொண்டும் நடலாகாது. வேலிகாத்தான் என்ற பெயரை நம்பி இடம் கொடுத்த நிலங்களில் அது வேலியோடு நிற்காமல் நிலத்தையே பிடித்துக்கொண்டதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடும் வரிசை கம்பியிலிருந்து குறைந்தது 2 அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். முதல் முறை நான் மருதாணியைக் கம்பிக்கு அரை அடியில் வைத்தேன். மூன்றாம் ஆண்டில் கிளைகள் பருத்துக் கம்பியை விழுங்கிக்கொண்டன, ஒரு கல்கால் சாய்ந்தபோது கம்பியை மாற்ற வழியில்லாமல் செடியையும் சேர்த்து வெட்ட நேர்ந்தது. இடைவெளி இருந்தால் மறுபக்கம் ஆள் நுழைந்து கவாத்து செய்யலாம். கிளைகள் பக்கத்து நிலத்துக்குள் நீண்டு வழக்காகாமலும் இருக்கும். அளவுக்கல்லைப் பார்த்து, பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கயிறு பிடிப்பது நல்லது.

கயிற்றை ஒட்டி ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட வாய்க்காலாக மண்ணைத் தோண்ட வேண்டும். தனித்தனிக் குழியைவிட இதுவே சிறந்தது, ஏனெனில் வேர் பக்கவாட்டில் தடையின்றி ஓடும். மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் குவித்து, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரத்தையும் சிறிது வேப்பம்புண்ணாக்கையும் கலந்து முதலில் நிரப்ப வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டால் கரையான் வந்து சேரும். மண் படியும் என்பதால் நிலமட்டத்துக்குச் சற்று மேலாகவே நிரப்புவது நன்று.

அடர்த்தி வேண்டுமெனில் இரண்டு வரிசையாக நட வேண்டும். வரிசைகளுக்கிடையே 1 அடியும், செடிக்குச் செடி ஒன்றரை அடியும் விட்டு, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசைச் செடி வருமாறு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 100 அடி வேலிக்கு ஏறக்குறைய 135 செடிகள் தேவைப்படும். கூடுதலாகப் பதினைந்தைப் பையிலேயே வளர்த்துவந்தால் பட்டுப்போகும் இடங்களுக்கு ஆகும்.

மருதாணி, களா நாற்றுகளை வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குச் சற்று முன், புரட்டாசிக் கடைசியில் நடலாம். கிளுவைக்கு நாற்று வேண்டியதில்லை. இலையின்றி நிற்கும் கோடைக் கடைசியில், மழைக்கு முன், கட்டைவிரல் பருமனில் 3 அடி நீளப் போத்துகளாக, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளாக வெட்டி, சில நாள் நிழலில் கிடத்தி வெட்டுவாய் காய்ந்தபின் நட வேண்டும். கடப்பாரையால் 1 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அடிப்பக்கம் கீழே வருமாறு இறக்கி, காற்றுப்பை நிற்காதபடி சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். கட்டுக்கட்டாகக் கிடக்கும்போது அடியும் நுனியும் மாறிப்போவது எளிது. ஆகவே வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நுனியில் சாணி உருண்டை வைத்தால் ஈரம் காக்கும்.

சில வாரங்களில் துளிர் வரும். அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. தண்டில் தேங்கிய சத்தைக் கொண்டே போத்து துளிர்க்கும். வேர் பின்னரே வரும். பிடித்ததா என்று அசைத்துப் பார்க்கும் கைதான் அந்த இளவேரை அறுத்துவிடுகிறது. கிளுவைக்கு நீர் அதிகமானால் அடி அழுகும், ஆகையால் மேல்மண் காய்ந்தபின் விட்டால் போதும். நாற்றுகளுக்கு மழையில்லாத நாட்களில் முதல் இரண்டு மாதம் மூன்று நாளுக்கொரு முறையும், அதன்பின் முதல் கோடை முழுவதும் வாரம் ஒருமுறையும் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். காய்ந்த சருகையோ கடலைத் தொலியையோ தண்டில் படாமல் மூடாக்காகப் பரப்பினால் களையும் குறையும். கிளுவைத் தழை ஆட்டுக்கு நல்ல தீவனம் என்பதால், ஆடு தலையை நுழைக்கும் கீழ்க்கம்பி இடைவெளிகளில் இலந்தை முள்ளைச் செருகி வைக்க வேண்டும்.

வேலி அடர்வதும் அடராததும் முதல் இரண்டாண்டு வெட்டில்தான் இருக்கிறது. மருதாணி முழங்கால் உயரம் வந்ததும் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு மீதியை வெட்டிவிட வேண்டும். ஆசையாக வளர்த்ததை வெட்ட மனம் வராது. ஆனால் வெட்டாமல் விட்ட செடி தலையில் குடை விரித்து, அடியில் நாய் புகும் சந்தாக நிற்கும். வெட்டிய இடத்துக்குக் கீழே நான்கைந்து கிளைகள் கிளம்பும். பிறகு அரை அடி உயரும்தோறும் நுனியைக் கிள்ளி, அடி அகன்றும் தலை ஒடுங்கியும் இருக்குமாறு பக்கங்களை வெட்டிவந்தால், கீழ் இலைகளுக்கும் வெயில் கிட்டும். கிளுவையில் போத்தின் உயரத்தைக் குறைக்காமல், பக்கக் கிளைகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டு இடைவெளியை அடைக்கலாம்.

பட்டுப்போன இடங்களை ஓராண்டுக்குள்ளேயே, பையில் வைத்திருக்கும் ஒத்த வயதுச் செடிகளைக் கொண்டு நிரப்பிவிட வேண்டும். வளர்ந்த செடிகளின் நிழலில் சிறு நாற்று எழாது. கையிருப்புச் செடி தீர்ந்துவிட்டால், பக்கத்து மருதாணியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பட்டையைச் சிறிது சீவி, மழைக்காலத்தில் மண்ணில் பதியம் போட்டு மேலே ஒரு கல்லை வைத்துவிடலாம். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியிலிருந்து அதைப் பிரிக்கக் கூடாது.