கிரவல் கொட்டும் பூனை: ஸ்க்ராட்ச்சில் ஒரு சதுர ஓவியம்

பாண்டிருப்பில் எங்கள் வீட்டில் இருந்து வடக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் நெசவு ஊரான மருதமுனை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்குக் கட்டம் போட்ட சாரம் (லுங்கி) ஒரு புதினமில்லை. கட்டத்தை மட்டும் வைத்து ஒரு ஓவியம் வரையலாம் என்று தெரிந்ததுதான் புதினம். அதைக் காட்டியவர் ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த கெயோர்க் நேஸ். 1968இல் அவர் கணினியால் வரைந்த படத்தின் ஜெர்மன் பெயருக்கு நம் ஊர்ப் பேச்சில் 'கிரவல்' என்று பொருள். ரோட்டுக்குக் கொட்டுகிற அதே கிரவல்தான்.

படத்தில் இருப்பது ஒரே அளவான சதுரங்கள் மட்டும். குறுக்கே 12, நெடுக்கே 22. மேலே பெட்டி அடுக்கியதுபோல ஒழுங்காக நிற்கும். கீழே வரவரச் சாயும், விலகும், கடைசியில் கொட்டிய குவியலாகிவிடும். இதே மாதிரி ஒன்றை இன்று நாம் செய்யப்போகிறோம். செய்நிரல் எழுதிப் பழக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை.

முதலில் கொப்பியும் தாயக்கட்டையும்

கணினியைத் திறக்க முதல் சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்றை எடுங்கள். ஆறு நிரை (குறுக்கு வரிசை), ஆறு நிரல் (நெடு வரிசை) வருமாறு சதுரங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஆறு முகத் தாயக்கட்டையை ஒருதரம் உருட்டுங்கள். 6 விழுந்தால் அந்தச் சதுரத்தைச் சரித்து வரையுங்கள், மற்ற எண் என்றால் நேராக வரையுங்கள். எங்கே சரிக்கலாம் என்று நீங்கள் யோசிக்கக் கூடாது. அதுதான் விதி, கை துருதுருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இது குழந்தை விளையாட்டு அல்ல. புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார், கணினி கைக்குக் கிடைக்க முன்னரே, 1959இல் இருந்து இப்படித்தான் விதி எழுதி, அந்த விதிப்படி கையால் வரைந்தார். அதைத் தன் 'கற்பனை இயந்திரம்' என்றார். உண்மையான கணினி அவருக்குக் கிடைத்தது 1968இல்.

இப்போது பூனை

ஸ்க்ராட்ச் என்பது கட்டளைத் துண்டுகளைக் கோத்துச் செய்நிரல் எழுதும் மென்பொருள், இலவசம். எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்டது. இணையத்திலேயே திறக்கலாம். டேட்டா தட்டுப்பாடு என்றால் ஒருதரம் இறக்கிக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், பிறகு இணையம் தேவையில்லை. கைபேசித் திரை இதற்குச் சிறிது.

திறந்ததும் மேடையில் ஒரு பூனை நிற்கும். இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்திப் பேனைப் பகுதியைச் சேருங்கள். பிறகு மாறிகள் பகுதியில் இரண்டு மாறிகள் (எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டிகள்) செய்து, 'நிரை', 'நிரல்' என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். மேடையின் அகலம் 480, உயரம் 360, நடுப்புள்ளி 0,0. அதனால் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கழித்தல் எண்களாக வரும்.

துண்டுகளை இந்த ஒழுங்கில் கோத்துக்கொள்ளுங்கள். உள்தள்ளி இருப்பவை, மேலே உள்ள 'தடவை செய்' துண்டின் வாய்க்குள் போக வேண்டியவை.

பச்சைக்கொடி அழுத்தும்போது
பூனையை மறை, எல்லாம் அழி, பேனைத் தடிப்பு 1
நிரை = 0
22 தடவை செய்:
　நிரல் = 0
　12 தடவை செய்:
　　பேனை மேலே
　　எக்ஸ்: -84 + நிரல் × 14, வை: 150 - நிரை × 14 என்ற இடத்துக்குப் போ
　　90 பாகை திசையைப் பார்
　　பேனை கீழே
　　4 தடவை செய்: 14 அடி நகர், வலப்பக்கம் 90 பாகை திரும்பு
　　நிரலை 1 கூட்டு
　நிரையை 1 கூட்டு

கொடியை அழுத்துங்கள். 264 சதுரங்கள் வந்தால் சரி. நான் முதல்தரம் 'பேனை மேலே' வைக்க மறந்தேன். பூனை போன இடமெல்லாம் கோடு இழுத்து, படம் சிக்குப்பட்ட வலைபோல ஆனது. 'நிரல் = 0' துண்டை வெளி வளையத்துக்கு வெளியே வைத்தாலும் ஒரு வேடிக்கை நடக்கும்: இரண்டாம் நிரை தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்காமல் வலப்பக்கம் ஓடி, கொஞ்ச நேரத்தில் எல்லாச் சதுரமும் மேடை விளிம்பில் முட்டிக் குவியும். மெதுவாக வரைகிறதே என்று சலிப்பு வந்தால், ஷிப்ட் விசையை அழுத்தியபடி கொடியைத் தட்டுங்கள்.

குலைப்பது

இதுவரை வந்தது வெறும் சாரம். இனித்தான் படம். 'திசையைப் பார்' துண்டுக்கும் 'பேனை கீழே' துண்டுக்கும் நடுவில் மூன்று துண்டுகள் நுழைக்க வேண்டும். ஒன்று: வலப்பக்கம் திரும்பு, அளவு (-2.0 முதல் 2.0 வரை எழுமாற்று எண்) × நிரை. மற்ற இரண்டும் எக்ஸ்ஸையும் வையையும் மாற்றுபவை, அளவு (-0.3 முதல் 0.3 வரை எழுமாற்று எண்) × நிரை. எழுமாற்று எண் என்றால் தாயக்கட்டையில்போலத் தற்செயலாக விழும் எண்.

அந்தப் புள்ளியும் பூச்சியமும் அலங்காரத்துக்கு இல்லை. -2 முதல் 2 என்று போட்டால் ஸ்க்ராட்ச் முழு எண்களை மட்டும் எடுக்கும், ஐந்தே ஐந்து சாய்வுதான் கிடைக்கும். 2.0 என்று போட்டால் தசம எண்களும் வரும்.

நிரையால் பெருக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நிரையின் எண் 0, எதைப் பெருக்கினாலும் 0, அதனால் அது அசையாது. கடைசி நிரையின் எண் 21, அங்கே சாய்வு 42 பாகை வரை போகும். 

பார்ப்பது

அச்செடுத்த படத்தை மருதமுனையில் தறி வைத்திருக்கும் தெரிந்த மாமி ஒருவரிடம் காட்டினேன். "என்ன படம்" என்று அவர் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டி, ஐந்தாறு நிரை தாண்டி நிறுத்தினார். "இஞ்சதான் இழை விட்டிருக்கு மனே." பாவும் ஊடையும் பார்த்துப் பழகிய கண். இந்த வகைப் படங்களைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என்ன சொல்கிறது என்று தேடாமல், விதி என்ன, அது எங்கே விடுகிறது என்று தேடுங்கள்.

சோதிக்க, 2.0 இருக்கும் இரண்டு இடத்திலும் 20.0 போட்டுப் பாருங்கள். இரண்டாம் நிரையே சரிந்துவிடும், மூன்றாம் நிரையோடு எல்லாம் ஒரே குப்பை. ஒழுங்கு இல்லாத இடத்தில் குலைவு தெரியாது. 0.2 போட்டால் மறுபக்கம்: கடைசி நிரையிலும் 4.2 பாகைக்கு மேல் சாயாது, இடப்பெயர்ச்சி மட்டும் கண்ணை உறுத்தும். எனக்குப் பிடித்தது 1.5 பக்கம். உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம், பெருக்கும் இடங்களில் நிரைக்குப் பதில் நிரலைப் போடுங்கள். குலைவு இடமிருந்து வலமாகப் போகும். கணக்கு அதேதான், ஆனால் விழுகிற உணர்வு போய்விடும். காற்றில் அலைகிற சேலை முந்தானைபோல எனக்குத் தெரிந்தது. பிடித்த படம் வந்ததும் கொடியைத் திரும்ப அழுத்த முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள், அதே படத்தைப் பூனை இரண்டாம் தரம் வரையாது.