அண்ணப்பிளவுப் பேச்சு: மூக்கில் காற்று கசிந்தால் செய்யக் கூடாதவை

"அம்மா, மாமா எல்லாம் தெளிவாகச் சொல்கிறான், அப்புறம் என்ன?" என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. ம, ந, ன போன்ற மெல்லின எழுத்துகளுக்கு மூக்கு வழியே காற்று போகத்தான் வேண்டும். அண்ணப்பிளவால், அதாவது மேல்வாய் பிளந்து பிறப்பதால், அவை பெரிதாகக் கெடுவதில்லை. சிக்கல் வல்லினத்தில். பாப்பா, தாத்தா, காக்கா என்று சொல்ல, மென்னண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்மையான பகுதி) மேலெழுந்து தொண்டையின் பின்சுவரில் படிந்து மூக்குப் பாதையை அடைக்க வேண்டும். அடையாவிட்டால் வாயில் அழுத்தம் சேராது. பாப்பா கிட்டத்தட்ட மாமா ஆகிவிடும், 'ஸ' வரும்போது மூக்கில் புஸ்ஸென்று சத்தம் கேட்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். குளிர்ந்த சிறு கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்து 'பாப்பா, பாப்பா' சொல்ல வையுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது. பேச ஆரம்பித்த பிறகு வைத்து, முடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சாதாரண மூச்சே ஆவி படியவைத்து ஏமாற்றும்.

அடுத்தது பலூன், விசில், ஊதல். எத்தனையோ வீடுகளில் இன்னும் ஊத வைக்கிறார்கள். ஊதும்போது அண்ணம் மூடுவதும் பேசும்போது மூடுவதும் வேறு வேறு. நன்றாக ஊதும் குழந்தைக்கும் பேச்சில் காற்று கசியும். பலூனை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"மூக்கால் பேசாதே" என்று அதட்டுவதும் வேண்டாம். காற்று தங்காததால் சில பிள்ளைகள் தொண்டையிலேயே அதை வெட்டி நிறுத்தப் பழகிவிடுகிறார்கள். காக்கா என்பது 'ஆ... ஆ' என்று தொண்டை அடைத்தாற்போல வரும். ஆபரேஷனில் அண்ணம் சரியானாலும் இந்தப் பழக்கம் தானாகப் போகாது, அதற்குத்தான் ஸ்பீச் தெரபி.

ஆனால் மென்னண்ணம் பின்சுவரை எட்டாமல் இடைவெளி இருக்கும்போது தெரபியை மட்டும் மாதக்கணக்கில் இழுப்பது வீண். பயிற்சியால் ஓட்டை மூடாது. பேசும்போதே கேமரா குழாயை மூக்கு வழியே விட்டோ, வீடியோ எக்ஸ்ரே எடுத்தோ பார்த்துத்தான் இன்னொரு ஆபரேஷனா, அண்ணத்துக்கு ஒரு கருவியா என்று முடிவு செய்வார்கள். மற்ற எழுத்தெல்லாம் சரியாக இருந்து 'ஸ' மட்டும் மூக்கில் போனால் கதை வேறு. அது பெரும்பாலும் தவறாகப் பழகியது, பயிற்சியிலேயே திருந்தும்.

காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோப்பது சகஜம்.

கடைசியாக, அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேலே இருக்கும் சதை. மென்னண்ணம் எட்டாத குறையை அந்தச் சதை ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். எடுத்ததும் கசிவு வெளிப்படும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால், வெளியே பிளவு தெரியாவிட்டாலும், அடினாய்டில் கை வைக்கும் முன் டாக்டரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.