தூங்கும் வீரனும் பேய்க்கூட்டமும்: ஒரு ஜப்பானிய அச்சோவியத்தைப் படிக்கும் முறை

பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியத்தை 'அழகு' என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். அது எந்த ஊரில், எந்தச் சட்டத்துக்கு நடுவே விற்றது என்று தெரிந்துகொண்டால் வேறு படமாகவே தெரியும். உதாகாவா குனியோஷி 1843-இல் வரைந்த 'யோரிமிட்சுவும் மண்சிலந்தியும்' படத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று தாள்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் இது. இணையத்தில் பெரிதாகக் கிடைக்கும், திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதையும் படிக்காமல் பாருங்கள். வலப்பக்கம் ஒருவர் தூங்குகிறார், பின்னால் பெரிய சிலந்தி. முன்னால் நான்கு காவலர்கள். அதில் இருவர் 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் மூழ்கியிருக்கிறார்கள். மேலே இருட்டில் ஒரு பேய்ப்படையே திரண்டு நிற்கிறது.

படி 2: மூலக்கதையைத் தேடுங்கள். மினமோட்டோ நோ யோரிமிட்சு சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வீரர். நோயில் படுத்திருக்கும்போது தாக்க வந்த சிலந்தியை வாளால் வெட்டினார் என்பது கதை. ஆனால் இங்கே வாள்வீச்சு எங்கே? கதையிலிருந்து படம் விலகும் இடத்தில்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

படி 3: அன்றைய சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், நடப்பு அரசியலைப் படமாக அச்சிடத் தடை. தணிக்கை முத்திரை இல்லாமல் விற்கவும் முடியாது. போதாததற்கு, 1841-இல் மூத்த அமைச்சர் மிசுனோ தடகுனி டென்போ சீர்திருத்தங்களைத் தொடங்கினார். ஆடம்பரத்துக்குத் தடை. நாடக அரங்குகள் நகரின் ஓரத்துக்குத் துரத்தப்பட்டன. புகழ்பெற்ற நடிகர் ஏழாம் இச்சிகாவா டான்ஜூரோ ஆடம்பர வாழ்க்கைக்காக 1842-இல் எடோவை விட்டே வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு நடிகர்கள், கணிகையர் படங்களுக்கும் தடை வந்தது. அச்சோவியத் தொழிலுக்குச் சோறு போட்டதே அந்தப் படங்கள்தான். ஓவியர்களுக்கு மிச்சமிருந்தது பழைய வீரர் கதைகள்.

படி 4: உடையில் சின்னங்களைத் தேடுங்கள். தூங்குபவருக்குப் பக்கத்தில் இருக்கும் காவலர் உராபே நோ சுவேதகே. அவர் உடையில் உள்ள நீர்ச்செடி இலைச் சின்னம் மிசுனோ குடும்பத்தின் குலச்சின்னம்! எடோ மக்களுக்கு இது போதாதா? அப்படியானால் தூங்குகிறவர், மிசுனோ யாருக்கு அமைச்சரோ அந்த ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) இயேயோஷி. பேய்கள், சீர்திருத்தத்தில் பிழைப்பை இழந்தவர்கள். ஒவ்வொரு பேயும் எந்தத் தொழில் என்று ஊரே விடுகதை போட்டது.

படி 5: ஊகத்தையும் ஆதாரத்தையும் பிரித்து வையுங்கள். குனியோஷி இதைத்தான் நினைத்து வரைந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. மக்கள் அப்படிப் படித்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. வதந்தி பரவியதும் பயந்துபோன பதிப்பாளர், படங்களைத் திரும்பப் பெற்று அச்சுக்கட்டைகளையும் அழித்தார். மிசுனோவும் அதே 1843-இல் பதவி இழந்தார்; அதற்குக் காரணம் அரசியல், இந்தப் படம் அல்ல.

சரி, பயிற்சிக்கு ஒன்று. சில ஆண்டுகள் கழித்து, களஞ்சியச் சுவரில் யாரோ கிறுக்கியது போல குனியோஷி சில முகங்களை வரைந்தார். 1842 தடையை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் திறந்து, அவை யாருடைய முகங்களாக இருக்கும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.