நேற்று நன்றாக இருந்த அம்மாயி இன்று தடுமாறினால்: புதியவர்களுக்கான செய்முறை

"வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார்" என்று தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், சொல்வார்கள். சில வேளை வைத்தியசாலை வாட்டிலும் சொல்வார்கள். எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு இது. மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். ஓரிரு நாளில் வந்த தடுமாற்றம் வேறு. மருத்துவர்கள் அதை டிலிரியம் என்பார்கள். கிருமித் தொற்று, நீர்வறட்சி, மருந்து என்று ஏதோவொன்று அதற்குப் பின்னால் இருக்கும். அதைத் தேடும் வழியைப் புதிய தாதியருக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

முகம் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். இலங்கையில் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: நேற்றைய ஆளைப் பற்றிக் கேளுங்கள்

கூட இருப்பவரிடம் கேளுங்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து வெற்றிலை இடித்தாரா? பேரப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவந்தாரா? இன்று எது மாறியிருக்கிறது? கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். போர்வைக்குள் சுருண்டு, கூப்பிட்டால் மட்டும் கண் திறப்பவரைத்தான் தவறவிடுகிறோம்.

படி 2: கவனத்தைச் சோதியுங்கள்

ஞாயிறிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது பொருந்தும். பாதியில் நூல் அறுந்தால் கவனம் சிதறியிருக்கிறது. கேட்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். காது மந்தமானவரைக் குழப்பமானவர் என்று எழுதிவிடக் கூடாது.

படி 3: அளவெடுங்கள், ஆனால் சந்தேகத்தோடு

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், எண்ணுவதாகச் சொல்லாதீர்கள். 24ஐத் தாண்டினால் நெஞ்சுத் தொற்றை நினையுங்கள். முதியவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். வழக்கத்தைவிட 1 பாகை செல்சியஸ் கூடினாலே பொருட்படுத்துங்கள். 35க்குக் கீழே போனால் அதுவும் ஆபத்துத்தான். அட்டினலோல் என்ற இரத்த அழுத்த மாத்திரை குடிப்பவரின் நாடி, உடம்பு தவித்தாலும் வேகமெடுக்காது. நுவரெலியாக் குளிரில் விறைத்த விரலில் ஒட்சிசன் கருவியை மாட்டினால் அது பொய் சொல்லும். கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 92 சதவீதத்துக்குக் கீழே நின்றால் "மலைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 4: இரத்தத்தில் சீனி

நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு இதை முதலிலேயே பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே இருந்து, விழித்து விழுங்கக் கூடியவரென்றால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் தெளிந்தாலும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சீனி மீண்டும் இறங்கும்.

படி 5: மருந்துப் பையைக் கொட்டுங்கள்

கிளினிக் மாத்திரை, பாமசியில் வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாம் வெளியே வரட்டும். தடிமலுக்கு எல்லோரும் போடும் பிரிட்டோன், முதியவருக்குப் புத்தியையும் குழப்பும், சிறுநீரையும் அடைக்கும். இவ்வளவு சாதாரணமாகப் புழங்கும் மாத்திரை என்பதால் யாரும் அதை மருந்தாகவே சொல்வதில்லை. பெயர் சொல்லியே கேளுங்கள். கிளினிக் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். பை நோயாளியோடு போகட்டும்.

படி 6: சிறுநீரும் மலமும்

கழிப்பறை வெளியே, படி வழுக்கும், இருட்டு, குளிர். அதனால் பலர் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நீர்வறட்சியை அறியத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் நம்பத்தக்கதல்ல, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, அடிவயிறு உப்பியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

அறிவிக்கும்போது

கட்டிப்போடாதீர்கள், தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்று தொலைபேசியில் சொன்னால் எவரும் அசையமாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "78 வயது. நேற்று மாலை வரை தானே நடந்து, பேசிக்கொண்டிருந்தார். இன்று காலையிலிருந்து மகளை அடையாளம் தெரியவில்லை. மூச்சு 28, சீனி 140. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. மூன்று நாளாகப் பிரிட்டோன் எடுத்திருக்கிறார்." வண்டி எதுவரை வரும், அங்கிருந்து லயத்துக்கு எவ்வளவு தூரம் தூக்கிவர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.