பயறு சாகுபடியில் யூரியாவும் டீசலும் வீணாகும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயறு வகைப் பயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) தாமே பிடித்துக்கொள்ளும், அதனால் எரிபொருள் செலவும் பசுமை இல்ல வாயுவும் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் விதை போட்டவுடன் அந்த லாபம் தானாக வந்துவிடாது. ரைசோபியம் என்ற பாக்டீரியா வாழும் வேர்முடிச்சு வேலை செய்தால்தான் வரும். நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒன்று முடிச்சைக் கெடுக்கின்றன, அல்லது முடிச்சு சேர்த்துக் கொடுத்ததைத் தொலைக்கின்றன.

பயிர் வெளுத்தவுடன் யூரியா போடுவது

விதைத்த இரண்டு, மூன்று வாரத்தில் இலை சற்று வெளிறும். விதையிலிருந்த சத்து தீர்ந்து, முடிச்சு இன்னும் முழுதாக வேலை தொடங்காத இடைவெளி அது. அப்போது யூரியா போட்டால் மண்ணில் நைட்ரேட் (வேர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து வடிவம்) கூடும். செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

50 கிலோ யூரியாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் தழைச்சத்து 23 கிலோ. போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமை இல்ல வாயுவாகப் போகும் என்பது ஐ.பி.சி.சி. (பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) தரும் பொது அளவு. அந்த வாயு 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு கடுமையானது. ஆக, சுமார் 99 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா மண்ணில் சிதையும்போது இன்னொரு 37 கிலோ வெளியேறும். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 50 லிட்டர் டீசலை எரித்ததற்கு ஈடு. தொழிற்சாலையில் அதைத் தயாரிக்கச் செலவான எரிவாயுவை இதில் சேர்க்கவே இல்லை.

அடியுரமாக ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ தழைச்சத்து போதும். வளமான மண்ணில் அதுவும் வேண்டியிருக்காது. மிச்சம் பிடிக்கிறோம் என்று மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கை வைக்காதீர்கள். காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலைக்கு மணிச்சத்து குறைந்தால் முடிச்சு சிறுத்துவிடும்.

ரைசோபியம் கலப்பதில் அவசரம்

சோயாவுக்கான ரைசோபியம் கொண்டைக்கடலையில் வேலை செய்யாது. பாக்கெட்டில் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலப்பது அடுத்த தவறு. மருந்து முதலில், 24 மணி நேரம் கழித்து ரைசோபியம். 10 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று, ஆறிய கஞ்சியில் கலந்து விதை முழுவதும் ஒட்டப் பிசிறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். சூடான கஞ்சியிலும் வெயிலிலும் கிருமி செத்துவிடும். உரத்தோடு சேர்த்து விதைத்தாலும் அதே கதிதான்.

பலன் தெரிய 30 முதல் 35 நாளில் பத்துச் செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. முடிச்சே இல்லாத வயலில் மட்டும் மேலுரம் பற்றி யோசிக்கலாம்.

அறுவடைக்குப் பிறகு தொலைப்பது

தட்டையையும் (காய்ந்த தண்டு) பொட்டையும் (காய்த்தோல் தூசு) கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போகும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கூடவே வரும். மடக்கி உழுதுவிட்டு, வாரக்கணக்கில் நிலத்தைச் சும்மா போடுவதும் நல்லதல்ல. கூளம் மட்கி நைட்ரேட் ஆகும். மேலே ஒரு கனமழை பெய்து தண்ணீர் தேங்கினால் அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிவிடும். அடுத்த பயிரை விரைவில் விதைத்தால் வேர் அதை எடுத்துக்கொள்ளும். அந்தப் பயிருக்கு வழக்கமான யூரியா அளவைக் குறைக்காமல் அப்படியே போடுவதுதான் நான் பார்த்தவரை பெரிய இழப்பு. பயறு கொடுத்ததை வரவில் வைக்காமல் விட்டதுபோல.

பம்பும் உழவும்

ஒரு ஹெக்டேருக்கு 50 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 5 லட்சம் லிட்டர். அதை 30 மீட்டர் உயரம் ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் 68 யூனிட் மின்சாரம். 30 சதவீதத்தில் 136 யூனிட். அடைத்த ஃபுட் வால்வு, குறுகலான குழாய், தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) என்று, திறன் குறைந்தால் பார்க்க வேண்டியவை இவைதான். பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் தவறாமல் பாய்ச்சுங்கள். மற்ற நேரத்தில் மண் ஈரம் பார்த்து முடிவெடுங்கள். தண்ணீர் தேங்கினால் முடிச்சுக்குக் காற்று கிடைக்காது.

உழவு தேவைக்கு மேல் வேண்டாம். நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மண் மெழுகுபோல் ஈரமாக இருக்கும் மெழுகுப் பதத்தில் உளுந்து விதைக்கும் முறையில் உழவே இல்லை.

வாயு, எரிசக்திக் கணக்கெழுதுவோர் செய்யும் பிழைகள்

ஐ.பி.சி.சி.யின் 1996 வழிகாட்டி, பயறு பிடித்த தழைச்சத்தையும் நைட்ரஸ் ஆக்சைடு மூலமாக எண்ணியது. 2006 வழிகாட்டி அதை நீக்கிவிட்டது. கூளத்தின் தழைச்சத்து மட்டும் கணக்கில் உண்டு. பழைய விரிதாளை அப்படியே பயன்படுத்தினால் பயறுக்கு இல்லாத பழி விழும். ஒரு கிலோ தானியத்துக்கு என்று மட்டும் ஒப்பிட்டால், மகசூல் குறைவான பயறு நெல், கோதுமையிடம் தோற்றதுபோலத் தெரியலாம்; ஒரு கிலோ புரதத்துக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தை ஓர் அட்டவணை 3.6 மெகாஜூல் என்னும். மின் உற்பத்தி இழப்பைச் சேர்க்கும் இன்னோர் அட்டவணை 11.93 என்னும். இரண்டு அட்டவணைகளின் எண்களை ஒரே கூட்டலில் கலந்தால் வரும் விடைக்குப் பொருளே இருக்காது.