தோள் ஏவுகணைப் பயிற்சி: குழலின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

தோளில் வைத்து ஏவும் டாங்க் எதிர்ப்பு ஏவுகணைகளைக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநராக இருந்தவன் நான். இப்போது அந்தப் பொறுப்புக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிக் குறிபார்ப்பது, எப்படி ஏவுவது என்பதெல்லாம் ஆயுதத்தோடு வரும் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்ல வருவது, பயிற்சி முடிந்து எல்லோரும் முழு உடம்போடு திரும்பி வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது.

இந்தப் பயிற்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. துப்பாக்கி பழகுபவன் ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுப் பழகலாம். ஏவுகணைக்கு அது நடக்காது. ஜாவலின் போன்ற ஒன்றின் விலை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அதனால் பெரும்பாலான சிப்பாய்கள் வகுப்பறை சிமுலேட்டரிலும், களத்துக்கு எடுத்துப்போகும் பயிற்சிக் கருவியிலும், எடையும் உருவமும் ஒத்த டம்மியிலும்தான் பழகுகிறார்கள். அவை நல்ல கருவிகள். ஆனால் அவற்றில் பின்புற வெடிப்பு இல்லை, காதைப் பிளக்கும் சத்தம் இல்லை, பற்றாமல் நின்றுபோகும் மோட்டார் இல்லை. வாரக்கணக்கில் அப்படிப் பழகியவன் திரையில் தெரியும் இலக்கை மட்டுமே பார்ப்பான். தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமே அவனுக்கு வந்திருக்காது. சிமுலேட்டர் விட்டுவிட்ட ஆபத்துகளைக் கையால் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

பேக்பிளாஸ்டிலிருந்து, அதாவது ஏவும்போது குழலின் பின்னால் சீறி வரும் அந்தப் பின்புற வெடிப்பிலிருந்து தொடங்குங்கள். ஜாவலினில் ஏவு மோட்டார் குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். ஏவுகணை சில மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் பறப்பு மோட்டார் பற்றும். சுடுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இதைக் கேட்டதுமே, அப்படியானால் பின்னால் ஆபத்தில்லை என்று பயிற்சி பெறுபவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. அமெரிக்கத் தரைப்படைக் கையேடு இதே ஆயுதத்துக்குப் பின்பக்கம் 60 பாகை விரிவில் 25 மீட்டர் வரை முதன்மை அபாயப் பகுதி என்றும், 100 மீட்டர் வரை எச்சரிக்கைப் பகுதி என்றும் வரையறுக்கிறது. வேறு ஆயுதத்துக்கு வேறு அளவு. எனவே எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். தரையில் அளந்து காட்டுங்கள். டேப்பைப் பிடித்து இழுத்து, முளை அடித்து, வெள்ளைப் பட்டி கட்டி, அந்த விசிறி வடிவத்தின் விளிம்பில் எல்லோரையும் நடக்க வையுங்கள். 25 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் காலுக்குப் புரியும்.

டம்மியோடு செய்யும் ஒவ்வொரு பயிற்சிக்கும் அந்தப் பட்டி கட்டப்பட வேண்டும். ‘வெறும் டம்மிதானே’ என்று குறுக்கே நடந்து போகிறவர் எவராக இருந்தாலும், மேலதிகாரியே ஆனாலும், பயிற்சியை நிறுத்துங்கள். பின்பக்கம் பார்க்காமல், கூட இருக்கும் துணைவர் ‘பின்பக்கம் காலி’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஏவினால், குறி எவ்வளவு துல்லியமாகப் பட்டிருந்தாலும் அந்த முயற்சி தோல்வி என்றே குறியுங்கள். மதிப்பெண் தாளில் இந்த வரி முதலில் வரட்டும்.

பின்பக்கம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. குழலின் முன்பக்கம் உயர்ந்தால் வால்பக்கம் தாழும். வெளியேறும் வாயு நிலத்தைத் தோண்டிக் கல்லையும் மண்ணையும் வீசியடிக்கும். பின்னால் மேடோ சுவரோ இருந்தால் அந்த அழுத்தம் சுடுபவரை நோக்கியே திரும்பி வரும். படுத்த நிலையில் அவருடைய கால்களே வாயுவின் பாதையில் நீண்டுகிடக்கும். உடலை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று அந்தந்தக் கையேட்டில் படம் இருக்கும். படத்தைக் காட்டிவிட்டு நகராதீர்கள். ஒவ்வொருவரும் படுத்துக் காட்டட்டும், பின்னால் நின்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது காது. திடீர் வெடிச்சத்தம் 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டினால் ஒரே முறையிலும் கேட்கும் திறன் சேதமாகலாம். தோள் ஆயுதங்கள் அதைச் சுலபமாகத் தாண்டும். காதுக்குள் செருகும் அடைப்பான், அதன்மேல் கவிக்கும் காதுமூடி இரண்டும் வேண்டும். நுரை அடைப்பானைப் பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி செருகுவதுதான் நான் அடிக்கடி பார்த்த குறை. விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலே பின்னோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதை மூடியபின் வாய்க்கட்டளை சரியாகக் கேட்காது. ஆகவே ‘நிறுத்து’ என்பதற்குத் தொடுகைச் சைகை ஒன்றும் கைச்சைகை ஒன்றும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வகுப்பறையில் காது மூடாமல் பழகியவர்கள் களத்தில் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிமுலேட்டரிலும் காதை மூடியே பழக்குங்கள்.

காதுக்குத் தெரியாத சேதமும் உண்டு. வெடிப்பு அழுத்தம் மூளையைத் தொடர்ந்து தாக்குவது பற்றிப் படைகள் கவலைப்படத் தொடங்கியது தாமதமாகத்தான். 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ஆணை, சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்தை எல்லைக்கோடாக வைத்து, பயிற்சியில் ஆள்கள் படும் அழுத்தத்தைக் குறைக்கவும் கண்காணிக்கவும் சொன்னது. தோள் ஆயுதங்கள் அதன் பட்டியலில் உண்டு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நீங்கள்தான். பயிற்சி பெறுபவர் ஒருமுறை சுட்டுவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் நின்று, அத்தனை வெடிப்பையும் தன் தலையில் வாங்குகிறார். பயிற்றுநர்களைச் சுற்றில் மாற்றுங்கள். வேலையில்லாதவர்களை ஏவுதளத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள். யார், என்று, எந்த ஆயுதம், எத்தனை ரவுண்டு என்று பதிவேடு வையுங்கள். தலைவலி, குமட்டல், காதிரைச்சல், யோசிப்பதில் மந்தம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அவருக்கு வெடிப்பு முடிந்தது, மருத்துவரிடம் அனுப்புங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை வீரம் என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

மிஸ்ஃபயருக்கு வருவோம். ஏவ முயன்று ஒன்றும் நடக்காத அந்தச் சில நொடிகளில் மனிதன் இயல்பாகச் செய்வது குழலைத் தோளிலிருந்து இறக்கித் திரும்பிப் பார்ப்பது. செய்யவே கூடாதது அதுதான். மோட்டார் தாமதமாகப் பற்றலாம். அதைத்தான் ஹேங்ஃபயர் என்கிறோம். குழல் இலக்குத் திசையிலேயே இருக்க வேண்டும், பின்பக்கம் காலியாகவே இருக்க வேண்டும், ‘மிஸ்ஃபயர்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும், கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். பிறகு அதைத் தொடுவது வெடிபொருள் செயலிழப்புக் குழுவின் வேலை. சிமுலேட்டர் பயிற்சியில் முன்னறிவிப்பின்றி இதைப் புகுத்துங்கள். நன்றாகச் சுடுகிறவனுக்கே அடிக்கடி புகுத்துங்கள், அவன் கைதான் அவசரப்படும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. நேட்டோ முறையில் மஞ்சள் பட்டை வெடிமருந்து உண்டு என்பதற்கும், பழுப்புப் பட்டை மோட்டார் எரிபொருள் உண்டு என்பதற்கும் அடையாளம். நீலம் பயிற்சிக்குரியது. ஆனால் நீல உடலில் பழுப்புப் பட்டை இருந்தால் அது பறக்கும், பின்னால் நெருப்பைக் கக்கும். நீலத்தைக் கண்டதும் நிம்மதியடையும் பழக்கத்தை முதல் நாளிலேயே உடைத்துவிடுங்கள். டம்மியும் உண்மையான ரவுண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. சில படைப்பிரிவுகள் இதில் தளர்வாக இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

கம்பி வழிகாட்டு ஆயுதமானால், அதாவது பின்னால் நீளும் மெல்லிய கம்பி வழியே கட்டளை பெற்றுப் பறப்பதானால், இன்னொரு கவனம். மிலான் 2 கிலோமீட்டர் பறக்க ஏறக்குறைய 12.5 நொடி எடுக்கும்; பின்னாலேயே கம்பி அவிழ்ந்துகொண்டு போகும். மின்கம்பிக்குக் குறுக்கே அது போகக் கூடாது. சுட்டு முடிந்தபின் களமெங்கும் கிடக்கும் கம்பி காலிலும் வாகனச் சக்கரத்திலும் சிக்கும். களத்தைச் சுத்தம் செய்வதற்கும் அட்டவணையில் நேரம் ஒதுக்குங்கள்.

உண்மையான ஏவுகணை சுடும் நாளில் ரேஞ்ச் (சுடுகளம்) பாதுகாப்பு அதிகாரி வேறு ஆளாக இருக்க வேண்டும், பயிற்சி முடிவைப் பற்றிக் கவலைப்படாதவராக. காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, இங்கே எந்தக் கடைநிலைச் சிப்பாயும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், காரணம் பிறகு சொல்லலாம் என்று அவர் அறிவிக்கட்டும். முந்தைய நாள் ஒத்திகையில் ஒருவரைத் தேவையே இல்லாமல் கத்தச் சொல்லுங்கள். எல்லோரும் நிற்கிறார்களா, கத்தியவரை யாராவது முறைக்கிறார்களா என்று பாருங்கள். முறைப்பவர் இருந்தால் மறுநாள் சுடுவதைத் தள்ளிவையுங்கள்.

மாலையில் எண்ணிக்கை. விமான எதிர்ப்பு வகைத் தோள் ஏவுகணைகளுக்கு 2003இல் வாசனார் உடன்பாட்டு (ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு) நாடுகள் ஏற்ற நெறிகள், ஏவுகணையையும் ஏவும் பிடியையும் வெவ்வேறு இடத்தில் வைக்கவும், மாதந்தோறும் நேரில் எண்ணவும் சொல்கின்றன. நீங்கள் கற்பிப்பது டாங்க் எதிர்ப்பு ஆயுதமானாலும் அதே கண்டிப்பு இருக்கட்டும். வரிசை எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் சரிபார்க்க, காலிக் குழல் உட்பட எல்லாம் கணக்கில் வந்தபிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும்.