இளையோர் காதல் நகைச்சுவைப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட காதல் நகைச்சுவைப் படத்தை முதல்முறை பார்க்கும்போது நம் கண் இயல்பாகவே நாயகன் நாயகியின் பின்னால் போய்விடும். இருவரும் எப்போது சேர்வார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே படமும் முடிந்துவிடும். ஏழெட்டுப் பேரைச் சமமாக மதித்து எழுதப்பட்ட படத்துக்கு அந்தப் பார்வை போதாது. அத்தகைய படத்தை இன்னொரு முறை, வேறு வழியில் பார்க்க வேண்டும். அதற்கு, 1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ’ படத்தையே பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். கேரன் மெக்கல்லா, கர்ஸ்டன் ஸ்மித் ஆகிய இருவர் எழுத, கில் ஜங்கர் இயக்கிய இப்படம், அடங்காத பெண்ணை அடக்கும் கதையான ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தை அமெரிக்கப் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுவந்து வைத்தது. கதை முழுவதையும் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன் என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் ஒரு தாளை எடுத்து, நடுவில் நாயகியின் அப்பா பெயரை எழுதுங்கள். வால்டர் ஸ்ட்ராட்ஃபோர்டு மகப்பேறு மருத்துவர். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகளைப் பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர். தன் மகள்களை எண்ணி அவர் அஞ்சுவதற்கு அந்தத் தொழிலே காரணம் என்பதால், அவர் போடும் விதி நமக்கு வெறும் பிடிவாதமாகத் தோன்றுவதில்லை. மூத்தவள் கேட் ஒருவனோடு வெளியே போனால்தான் இளையவள் பியாங்காவும் போகலாம் என்பதே அவ்விதி. ஆண்களின் நிழலைக்கூட அண்டவிடாத கேட் ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். இத்தகைய படங்களில் எல்லாரையும் ஒரே முடிச்சில் கட்டும் விதி ஒன்று எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அடுத்து, ஒவ்வொருவரும் எதை விரும்புகிறார் என்பதை எழுதி அம்புக்குறி போடுங்கள். பள்ளிக்குப் புதிதாக வந்த கேமரனுக்கு பியாங்காவின் மேல் காதல். அவளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதற்காகவே தனக்குத் தெரியாத பிரெஞ்சு மொழியைக் கற்கத் தொடங்குகிறான். அவன் நண்பன் மைக்கேல் ஒரு திட்டம் தீட்டுகிறான். பணக்கார மாணவன் ஜோயியும் பியாங்காவையே குறிவைத்திருப்பதால், கேட்டை அழைத்துச் செல்லும் ஒருவனுக்கு அவனையே கூலி கொடுக்க வைக்கிறார்கள். அந்த ஒருவன்தான் பேட்ரிக். பேரம் 50 டாலருக்குப் படிகிறது. இந்தப் பணத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். அது கைமாறும் ஒவ்வொரு முறையும் கதை ஒரு படி நகர்கிறது.

தாளில் உடனே வரைய முடியாத கோடு ஒன்றும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஜோயியோடு பழகி மனம் காயப்பட்டதையும், அதன்பிறகே தான் இப்படி ஆனதையும் கேட் தங்கையிடம் சொல்லும் காட்சி படத்தின் பிற்பகுதியில்தான் வருகிறது. தான் காயப்படுத்திய பெண்ணை வெளியே அழைத்துச் செல்லவே ஜோயி இன்னொருவனுக்குப் பணம் கொடுத்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடக்கக் காட்சிகளுக்குத் திரும்புங்கள். கேட்டின் கடுமொழிகளில் முதல்முறை சிரிப்பாகக் கேட்டவை இப்போது தங்கையைக் காக்கும் அக்காவின் பதற்றமாகக் கேட்கும். பள்ளி நடன விருந்தில் பியாங்கா ஜோயியை அடிக்கும் அடிகளில் ஒன்று அக்காவுக்கானது என்பதும் அப்போது கூடுதலாக இனிக்கும்.

பிறகு, யாராவது ஒரு துணைப் பாத்திரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நான் மண்டெல்லாவைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஷேக்ஸ்பியரின் மேல் பித்துக்கொண்ட, கேட்டின் தோழியான அவளுக்கு, மைக்கேல் ஷேக்ஸ்பியர் காலத்து உடை ஒன்றை அனுப்பி, ‘வில்லியம் எஸ்’ என்று கையெழுத்திட்டு நடனத்துக்கு அழைக்கிறான். மிகச் சில காட்சிகளே அவர்களுக்கு. ஆனாலும் அது ஒரு முழுக் காதல் கதை. இதே ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தழுவி சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த ‘அறிவாளி’ 1963இல் தமிழில் வந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால், பூரி சுடக் கற்றுத்தரும் தங்கவேலுவும் ‘அதான் எனக்குத் தெரியுமே’ என்னும் முத்துலட்சுமியும்தானே பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்கள்? பக்கத்தில் நிற்கும் இணைக்கு நல்ல எழுத்து கிடைத்தால் அதற்கு அவ்வளவு ஆயுள்.

விளையாட்டு அரங்கின் படிக்கட்டுகளில் பேட்ரிக்காக நடித்த ஹீத் லெட்ஜர் பாடி ஓடும் புகழ்பெற்ற காட்சியை ரசிப்பதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சற்று நேரம் ஒதுக்குங்கள். ஷேக்ஸ்பியரின் கேத்தரின், மனைவி கணவனுக்குப் பணிய வேண்டும் என்று 44 வரிகளில் பேசுகிறாள். படத்தில் அந்த இடத்தை, வகுப்பில் கேட் எழுதிவந்து வாசிக்கும் கவிதை நிரப்புகிறது. ஷேக்ஸ்பியரின் 141ஆம் சானெட்டை, அதாவது பதினான்கு வரிக் கவிதையை வைத்து ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம் அது. அவளை யாரும் அடக்கவில்லை. வெறுப்பவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், வெறுக்க முடியவில்லை என்பதையும் தன் வாயாலேயே சொல்லி அழுகிறாள். கேட்டாக நடித்த ஜூலியா ஸ்டைல்ஸின் குரல் எந்த வரியில் உடைகிறது என்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக அந்தப் பணத்துக்கு வாருங்கள். ஜோயி கொடுத்ததைக் கொண்டு பேட்ரிக் கேட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கித் தருகிறான். அவன் செய்த வஞ்சகத்துக்கு மன்னிப்பு கொஞ்சம் எளிதாகவே கிடைத்துவிடுகிறது என்பது என் குறை. ஆனாலும், தவறு செய்யும்போதெல்லாம் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட முடியாது என்று கேட் சொல்லிவிடுகிறாள். தாளில் ஜோயியின் பெயரிலிருந்து கேட்டின் பெயருக்குக் கடைசி அம்பை இப்போது போடுங்கள்.